நடு ஓட்டைத் தண்ணீர்

பயிற்சிக்கு வரும் ஆசிரியர்களின் முன்னால் நான் முதலில் எடுத்து வைப்பது ஒரு பழைய தண்ணீர் பாட்டில். ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில்தான். லேபிள் என்றைக்கோ உரிந்து போய்விட்டது. பக்கவாட்டில் மேலே ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று என்று மூன்று ஓட்டைகள். கோணி ஊசியை அடுப்பில் காட்டிக் குத்தியவை. ஓட்டைகளின் விளிம்பில் பிளாஸ்டிக் உருகிக் கறுத்திருக்கும். புதுக்கோட்டையில் புது பாட்டிலுக்கா பஞ்சம் என்று உடன் வேலை பார்ப்பவர்கள் கேலி செய்வார்கள். பஞ்சமில்லைதான். ஆனால் இந்தப் பாட்டிலைக் குத்தியவர் என் மாணவி ஒருத்தியின் அம்மா. என் ஆசிரியர் வாழ்க்கையில் எனக்கு விழுந்த சரியான குட்டு அவர் கையால் விழுந்தது.

அப்போது கீரமங்கலம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். நன்றாகப் பாடம் நடத்துகிறேன் என்று எனக்குப் பெயர். அந்தப் பெயர் எனக்கும் பிடித்திருந்தது. கலர் சாக்பீஸில் நான் படம் போட்டால் தலைமையாசிரியர் வாசலில் நின்று பார்த்துவிட்டுத்தான் போவார். ஆழம் கூடக்கூட நீரின் அழுத்தம் கூடும் என்பதற்கு மூன்று ஓட்டை போட்ட பாட்டில் ஒன்றை வரைவேன். மேல் ஓட்டைத் தண்ணீர் கிட்டே விழும், நடு ஓட்டையுடையது கொஞ்சம் தள்ளி, அடி ஓட்டையுடையது எல்லாவற்றையும் தாண்டி. மூன்று வளைவுகளும் பாட்டில் நிற்கும் அதே தரையில் வந்து முடியும். நான் படிக்கும்போது எனக்கு வரைந்து காட்டிய படம் அது. ஆறு வருடம் நானும் வரைந்தேன். ஒரு பாட்டிலை எடுத்து ஓட்டை போட்டுப் பார்க்க ஒரு நாளும் தோன்றவில்லை. தெரிந்த விஷயத்தைச் செய்து வேறு பார்க்க வேண்டுமா என்ன?

அந்த வருடம் வகுப்புத் தேர்வில் ஒரு பெண் மட்டும் வேறு மாதிரி எழுதியிருந்தாள். “நடு ஓட்டைத் தண்ணீர்தான் தூரமாக விழுகிறது. வீட்டில் செய்து பார்த்தேன்.” சிவப்பு மையால் குறுக்கே அடித்தேன். அதோடு விட்டிருக்கலாம். வகுப்பில் சத்தமாகப் படித்தும் காட்டினேன். “நம்ம கிளாஸ்ல புதுசா ஒரு விஞ்ஞானி வந்திருக்காங்க. இவங்க வீட்டுத் தண்ணிக்கு மட்டும் வேற விதியாம்.” வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்று மாலைக்குள் அவளுக்குப் புளுகுமூட்டை என்று பட்டப்பெயர் விழுந்தது எனக்குத் தெரியாது. எப்போதும் கேள்வி கேட்க உயரும் கை மறுநாள் உயரவில்லை என்பது மட்டும் தெரிந்தது. பிள்ளை அடக்கமாகிவிட்டாள் என்று சந்தோஷப்பட்டேன். இதை எழுதும்போது இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அடுத்த இரண்டு நாட்கள் அவள் பள்ளிக்கு வரவில்லை. மூன்றாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் அவள் அம்மா வந்தார். மல்லிகைத் தோட்டத்தில் பூப்பறிக்கப் போகிறவர். பூப்பறித்த கையோடு வந்திருந்தார். மார்க் கேட்டு வந்திருக்கிறார் என்று நினைத்து, சொல்ல வேண்டிய பதிலை மனதில் தயாராக வைத்துக்கொண்டேன்.

“மார்க்கு வேணாங்க டீச்சர், அத நீங்களே வச்சுக்கங்க. எம்புள்ளயப் புளுகுமூட்டைன்னு கூப்புடுதுக. பள்ளிக்கொடத்துக்கே போகமாட்டேன்னு ஒக்காந்திருக்கா. அவ பொய் சொல்லலைங்க. ஓட்டை போட்டது நானு, தண்ணி ஊத்துனதும் நானு.”

என் சம்மதத்துக்கெல்லாம் அவர் காத்திருக்கவில்லை. பையிலிருந்த பாட்டிலை எடுத்து வராந்தா தரையில் வைத்தார். “கொறைய விடாம ஊத்திக்கிட்டே இருங்க டீச்சர்” என்று, பக்கத்தில் இருந்த தண்ணீர் ஜக்கை என் கையில் கொடுத்தார். ஊற்றினேன். நடு ஓட்டைத் தண்ணீர் மற்ற இரண்டையும் தாண்டிப் போய் விழுந்தது. எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

“ஓட்டை சரியா போடலம்மா, அதான் இப்படி விழுது” என்றேன்.

அவர் கோபப்படவில்லை. பைக்குள் துணியில் குத்தி வைத்திருந்த கோணி ஊசியை உருவி என்னிடம் நீட்டினார். “அப்ப நீங்க போடுங்க டீச்சர்.” ஊசியை வாங்கிக்கொண்டேன். “நாளைக்கு அவளக் கூட்டியாரேன். நீங்க என்ன சொல்றீங்கன்னு அங்கிட்டு நின்னு கேட்டுட்டுப் போறேன்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

வீட்டுக்குப் போனதும் ஊசியைச் சூடாக்கி, விரலையும் சுட்டுக்கொண்டு, ஒரு பாட்டிலில் ஓட்டை போட்டேன். நடு ஓட்டைதான் ஜெயித்தது. இரண்டாவது பாட்டிலிலும் அதேதான். மறுநாள் காலையில் உடன் வேலை பார்க்கும் ஆசிரியை ஒருவரிடம் சொன்னேன். “பரீட்சைல படத்தத்தான் கேப்பாங்க. விட்டுத் தள்ளுங்க மேடம்” என்றார். விட்டுத் தள்ளினால் என் பெயர் கெடாது. ஆனால் அந்தப் பிள்ளை புளுகுமூட்டையாகவே இருப்பாள். அவள் அம்மா அதற்குள் அவளைக் கூட்டிக்கொண்டு வந்து குழாயடியில் நின்றுகொண்டிருந்தார்.

வகுப்பை மைதானத்துக்கு அழைத்துப் போனேன். எல்லோர் முன்னாலும் அந்த அம்மா விட்டுப்போன பாட்டிலைத் தரையில் வைத்துத் தண்ணீர் ஊற்றிக் காட்டினேன். “நான் செஞ்சு பார்க்காம சொன்னேன். இவ செஞ்சு பார்த்து எழுதுனா. தப்பு என் மேல. இனிமே யாரும் இவளப் பட்டப்பேர் சொல்லிக் கூப்பிடக்கூடாது” என்றேன். அப்படியென்றால் அடியில் அழுத்தம் அதிகம் என்பது பொய்யா என்று ஒருத்தி கேட்டாள். தெரியாது என்று வகுப்பில் நான் சொன்னது அதுவே முதல் தடவை.

அப்போது வீட்டில் செய்து பார்த்த அந்தப் பெண் வந்து பாட்டிலின் முன் குந்தி உட்கார்ந்து உற்றுப் பார்த்தாள். “டீச்சர், அடித் தண்ணி வேகமாத்தான் வருது. ஆனா ஒடனே தரை வந்துருது” என்றாள். பாட்டிலைத் தூக்கிப் பெஞ்சின் ஓரத்தில் வைத்தாள். இப்போது அடி ஓட்டைத் தண்ணீர் எல்லாவற்றையும் தாண்டிப் போய் மண்ணில் விழுந்தது. பிள்ளைகள் போட்ட கூச்சலில் தலைமையாசிரியரே வெளியே வந்துவிட்டார். ஆறு வருடம் நான் சொன்ன விதி சரிதான். தரையைத்தான் தப்பான இடத்தில் வரைந்திருந்தேன். அவள் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்தாள்.

போகும்போது அவள் அம்மா சொன்னார்: “பாட்டில நீங்களே வச்சுக்கங்க டீச்சர். இனிமே தண்ணி குடிக்க ஆகாது.”

அதற்குப் பிறகு என் வகுப்பில் முதலில் ஊகம், பிறகு சோதனை, கடைசியில்தான் நோட்டு. பாடம் முடியாது என்று பயமுறுத்துவார்கள். முடியும், கையால் செய்ததைப் பிள்ளைகளுக்கு மறுபடி நடத்த வேண்டியதில்லை. அந்தப் பெண் விஞ்ஞானி ஆகிவிட்டாளா என்று கேட்பவர்கள் உண்டு. அறந்தாங்கியில் ரத்தப் பரிசோதனை நிலையமொன்றில் வேலை பார்க்கிறாள். முடிவில் சந்தேகம் வந்தால் மறுபடி சோதித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டாளாம். எனக்கு அது போதும்.

போன வாரமும் பயிற்சி இருந்தது. மூன்று ஓட்டைகளையும் டேப் ஒட்டி மூடி வைத்து, தண்ணீர் எப்படி விழும் என்று முதலில் வரையச் சொன்னேன். அநேகமாக எல்லோரும் என் பழைய படத்தையே வரைந்தார்கள். பாட்டிலைத் தரையில் வைத்து டேப்பை உரித்துத் தண்ணீர் ஊற்றினேன். நடு ஓட்டைத் தண்ணீர்தான் தூரப் போய் விழுந்தது. பிறகு முன்வரிசையில் இருந்த மூத்த ஆசிரியர் ஒருவர் தொண்டையைச் செருமினார்.

“ஓட்டை சரியா போடல மேடம்.”

மேசையில் புது பாட்டிலும் மெழுகுவத்தியும் தயாராக இருந்தன. அந்த அம்மாவின் கோணி ஊசியை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

“அப்ப நீங்க போடுங்க சார்.”

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு எழுந்து வந்தார்.