விசா அதிகாரியும் விஸ்கிப் போத்தலும்

தொண்ணூறுகளில், ஆப்பிரிக்க நாடொன்றில் படிப்பித்துக்கொண்டிருந்த என் தம்பி கடும் நோயில் விழுந்தான். அவனைப் பார்க்க விசா வேண்டி, அகதிப் பயணப் பத்திரத்தோடு அந்த நாட்டின் லண்டன் தூதரகத்துக்குப் போனேன்.

"ஆப்பிரிக்காக்காரர் அண்ணை, வெறுங்கையோட போனால் அலுவல் நடக்காது. ஒரு விஸ்கிப் போத்தல் கொண்டு போங்கோ" என்று லண்டன் ஹவுன்ஸ்லோவில் இருந்த நண்பன் சொல்லியிருந்தான். உலகம் முழுவதையும் புத்தகத்தில் படித்து முடித்த நான் மறுபேச்சில்லாமல் வாங்கினேன்; அதிலும் மலிவானதாக.

விசா அதிகாரி மெலிந்த மனிதர். கோட்டின் முழங்கை தேய்ந்திருந்தது. பக்கத்துக்குப் பக்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு என் பத்திரத்தை வாசித்தார். இந்தத் தாமதம் எதற்கென்று எனக்குத் தெரியாதா? போத்தலை மேசையில் வைத்தேன்.

அவர் கோபப்படவில்லை. விசாவைக் குத்திக் கையெழுத்திட்ட பிறகுதான் கேட்டார்:

"பிரான்ஸ், ஜெர்மனி விசாக்களும் இருக்கின்றனவே. அங்கேயும் போத்தல் கொண்டுபோனீர்களா?"

"இல்லை."

"தம்பி சுகமாகட்டும்" என்றபடி போத்தலைத் தானே எடுத்து என் பைக்குள் வைத்தார்.

பிரான்ஸ், ஜெர்மனி தூதரகங்களுக்கு நான் டை கட்டிக்கொண்டு போயிருந்தேன். அன்று கட்டவில்லை. அதையும் அவர் கவனித்திருப்பாரோ என்று நினைத்தால், இன்றைக்கும் என் கை தானாகவே கழுத்துக்குப் போகிறது.