கொடிக்கு முன்னால் யாரும் போகக் கூடாது

மரக்காணத்து உப்பளத்தில் வேலை செய்கிற நாங்கள் பங்குனி உத்திரத்துக்கு வருஷா வருஷம் மயிலம் மலைக்கு நடந்து போகிறோம். கூட்டத்துக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. கொடி பிடிக்கிறவருக்கு முன்னால் யாரும் ஓர் அடி வைக்கக் கூடாது. கொடி சாலம்மாளுடையது.

அது சும்மா கிடைக்கவில்லை. முன்பு அவள் புருஷன் தனக்கோடி பிடித்தான். அவன் நெஞ்சுவலியில் போன அடுத்த வருஷம், தாலி இழந்தவள் கொடி பிடிக்கலாமா என்று ஆண்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். இவள் நேராகப் போய் நின்றாள். “அளத்துல சேறு மிதிக்கிறப்ப எவனும் என் கழுத்தைப் பாக்கலையே,” என்றாள். அத்தோடு பேச்சு முடிந்தது. நானும் அவளும் ஒரே பாத்தியில் உப்பு வாரி, ஒரே தூக்கில் கஞ்சி குடித்தவர்கள். அதனால் அவள் கண் மங்கிவிட்ட விஷயம் எனக்கு மட்டும் தெரியும்.

வெயிலும் உப்பின் வெளிச்சமுமாக எத்தனை வருஷம்! புரை எடுத்துப் பார்த்தாயிற்று. உள்நரம்பு போய்விட்டது, இனித் திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகன் சரத்குமாரிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அவன் பொம்மையார்பாளையத்தில் வாடகை வீட்டில் இருக்கிறான். நல்ல பிள்ளைதான். தெரிந்தால் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போய்விடுவான்.

“அளமும் போயி, கொடியும் போயி, ஒத்த ரூம்ல உக்காந்து டிவி சத்தம் கேக்கணுமாடி? இந்த ஒரு தடவை மலை ஏறிடறேன் ஆண்டாளு. அப்புறம் என்ன ஆனாலும் ஆவட்டும்.”

அந்த வருஷம் பார்த்துச் சரத்குமாரும் லீவு போட்டுவிட்டு நடக்க வந்தான்.

விடிந்ததும் கழுவேலி ஏரிக்குள் இறங்கினோம். மழையில் கடல் மாதிரி கிடக்கிற ஏரி பங்குனியில் வறண்டு வெடித்துக் கிடக்கும். மர நிழல் கிடையாது, காற்று மட்டும்தான். நடுவில் ஓர் ஆட்டுத்தடம் போகும், அதை விட்டு இறங்கக் கூடாது. நான் அவளை ஒட்டிக்கொண்டே, இப்படி வா, அப்படிப் போ என்று காதோடு சொல்லியபடி வந்தேன். என் காலில் கருவேல முள் ஏறியது. குனிந்து பிடுங்கிவிட்டு நிமிர்வதற்குள், வெள்ளை பூத்துக் கிடந்த பக்கமாக அவள் விலகி நடந்துவிட்டாள்.

அளத்து ஆள் யாரானாலும் வெள்ளையைத்தான் நம்புவார்கள். பாத்தியில் உப்பு பூத்திருந்தால் அடியில் தரை கெட்டி. நாங்களே மிதித்துக் கெட்டியாக்கிய தரை அது. ஏரியை யார் மிதித்தார்கள்? மேலே உப்பு, கீழே களி. இடுப்புவரை இறங்கிவிட்டாள். கொடியை மட்டும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தாள்.

துண்டுகளை முடிந்து வீசி, சரத்குமார்தான் அவளை வெளியே இழுத்தான். அப்புறம் அவள் முகத்துக்கு நேரே கையை ஆட்டிப் பார்த்தான். அவள் கண் அந்தக் கையைத் தேடவே இல்லை.

“எத்தினி நாளாம்மா?”

“வெள்ளை தெரிஞ்சுதுடா. அது போதும்னு நெனச்சேன்.”

அவன் தள்ளிப்போய் நின்று அழுதான். பிறகு போனை எடுத்தான். “ஆட்டோ சொல்றேன். நீ என்னோட வந்துடு. அளத்துக்கும் இனிமே போவக் கூடாது.”

சாலம்மாள் கொடிக்கம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. “டேய் சரத்து, கண்ணு போனா காலும் போச்சா? அவ மலை ஏறட்டும். கூட்டிட்டுப் போறதுன்னா அங்கேர்ந்து கூட்டிட்டுப் போ.”

அவன் அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றான். போனைப் பையில் போட்டான். கட்டுப்பாடு அவனுக்கும் தெரியும். முன்னால் போய்க் கையைப் பிடிக்கவில்லை. பின்னால் நின்று அவள் தோளில் கை வைத்து, “நட,” என்றான்.

அப்படியே ஏரிக்கரைகள் மேல் ஏறி இறங்கி, முட்காடு தாண்டி நடந்தோம். மறுநாள் மயிலத்துப் படிகளில் அவன் குரல்தான் கேட்டுக்கொண்டிருந்தது. “படி. இன்னொண்ணு. படி.”

மேலே போனதும் மரக்காணம் இருக்கிற கிழக்குத் திசையைப் பார்த்துக் கும்பிடுவது அவள் வழக்கம். அளம் வெள்ளையாகத் தெரிகிறது என்பாள். எங்கள் யார் கண்ணுக்கும் தெரிந்ததில்லை. இந்த முறை மேற்கே பார்த்துக் கும்பிட்டாள். சரத்குமார் மெதுவாக அவளைக் கிழக்கே திருப்பிவிட்டான்.

“இப்ப தெரியுதாம்மா?”

“எல்லாப் பக்கமும் வெள்ளையாத்தான்டா இருக்குது,” என்றாள். “ஏறிட்டேன். போதும்.”

கொடியை அவனிடம் நீட்டினாள். அவன் வேண்டாமென்று தலையாட்டினான். அது அவளுக்கு எங்கே தெரியும்? அவன் கையைத் தடவிப் பிடித்து, கம்பில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள்.

இறங்கும்போது அவளை முன்னால் விட்டு, பழையபடி தோளைப் பிடிக்கப் போனான். அவள் நகரவில்லை.

“நீ முன்னால போ சரத்து. கொடி உங்கிட்ட இருக்குது.”

அவன் முதல் படியில் இறங்கினான். சாலம்மாள் அவன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு பின்னால் இறங்கினாள்.