ரேடியேட்டருக்கு மஞ்சள்

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கிள்ளானில் உள்ள மடையர்கள் எல்லாரும் சேர்ந்து சங்கம் வைத்தால், தலைவர் நாற்காலியைத் துடைத்து எனக்குத்தான் போடுவார்கள். ஒழுகுகிற ரேடியேட்டருக்குள் நாலு கரண்டி மஞ்சள் தூளைக் கொட்டியவன் நான்.

யோசனை என்னுடையது இல்லை. சாலையோர ஒட்டுக்கடையில் பக்கத்து மேசையில் இருந்த லோரிக்காரர் சொன்னது. "எதுக்கு பாஸ் புது ரேடியேட்டர்? மஞ்சத்தூள போடு லா. அதுவே போயி ஓட்டைய அடைச்சுக்கும்."

வீட்டு அலமாரியில் மனைவி புதிதாக வாங்கி வைத்த மஞ்சள் பொட்டலம் இருந்தது. போட்டேன். ஒழுகல் நின்றேவிட்டது. இரண்டு வாரம் என் கால் தரையில் படவில்லை. "மெக்கானிக்குங்க எல்லாம் நம்மள ஏமாத்துறானுங்க" என்று பார்த்தவரிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன். பொட்டலத்தைத் தேடிய மனைவியிடம், "எனக்கென்ன தெரியும்? நீயே ரசத்துல கொட்டியிருப்ப" என்றேன். கூசாமல்.

அந்தக் கார் அவளுடைய சோறு. தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலையில் அவளுக்குப் புது வேலை; இன்னும் நிரந்தரமாகவில்லை. ஏழு மணிக்கு ஷிஃப்ட். கம்பெனி பஸ் எங்கள் பக்கம் வராது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை பாதி வழியிலிருந்து போன் வந்தது. "காடி நின்னுருச்சுங்க. முன்னால பொகையா வருது."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? வாயை மூடிக்கொண்டு கிளம்பியிருக்க வேண்டும். செய்ததோ வேறு. "சூட்டு ஊசி மேல போறது தெரியலயா? கண்ண எங்க வச்சுக்கிட்டு ஓட்டுன?" என்று கத்தினேன். தப்புச் செய்தவனுக்குத்தான் தொண்டை நன்றாகத் திறக்கும்.

"பாத்துதான் நிறுத்தினேன்" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

முக்கால் மணி நேரம் தாமதம். இன்னொரு நாள் பிந்தினால் வரவே வேண்டாம் என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டாராம். சாயங்காலம் அதை மட்டும் சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போனாள். அவள் திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி ஆறியிருப்பேன். அந்த வழியையும் அடைத்துவிட்டாள்.

மறுநாள் சனிக்கிழமை, அவளுக்கு லீவு. முந்தின நாள் இழுவை லோரி காரை இறக்கிவிட்டுப் போன பட்டறைக்குப் போனேன். மெக்கானிக் அடியில் படுத்து ரேடியேட்டரின் வடிகுழாயைத் திறந்தார். வாளியில் மஞ்சள் கூழ் விழுந்தது. எழுந்து உட்கார்ந்து வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்னாண்ணே, காடிக்குச் சடங்கு சுத்தினீங்களா? சொல்லவே இல்ல?"

டயர் மாற்ற வந்த இரண்டு பேர் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு உச்சந்தலை வரை ஏறியது. அவர் மேல் கோபம், லோரிக்காரர் மேல் கோபம், அந்த வாளி மேலும் கோபம். "யாரு போட்டதுன்னு தெரியல" என்றேன். காரை எட்டு வருஷமாக நான்தான் வைத்திருக்கிறேன் என்பது அவருக்குத் தெரியும்.

அடைக்க வேண்டியது ஒரு ஓட்டையை. மஞ்சள் பாரபட்சம் பார்க்காமல் உள்ளே இருந்த மெல்லிய குழாய் அத்தனையையும் அடைத்துவிட்டது. தண்ணீர் ஓட வழியில்லாமல் சூடேறி, ரேடியேட்டர் ஓரத்தில் வெடித்திருந்தது.

"புதுசு மாட்டிரலாம்" என்றார். "ஆனா இஞ்சினுக்குள்ளயும் இந்தக் கூழுதான். மூணு நாலு தடவ கழுவணும். கழுவாம மாட்டினா புதுசும் அடைச்சுக்கும். திங்கக்கெழம மத்தியானம் வாங்க."

"திங்கக்கெழம காலையில ஆறு மணிக்கு என் பொண்டாட்டி வேலைக்குப் போகணும்யா!" என் கத்தலுக்குத் தெருநாய் ஒன்று எழுந்து போனது. "வேல போயிடும்! புரியுதா?"

அவர் அசையவில்லை. "எனக்கு இன்னும் ரெண்டு காடி நிக்குது. அவசரம்னா நீங்களே கழுவுங்க." தண்ணீர்க் குழாயை என் கையில் திணித்தார்.

அன்று மாலை கல்யாண வரவேற்பு ஒன்றுக்குப் போக வேண்டும் என்று வெள்ளைச் சட்டையில் வந்திருந்தேன். அந்தச் சட்டையோடு கழுவினேன். மேல் குழாய் வழியாகத் தண்ணீரை விட்டால் கீழே மஞ்சள். கழுவும் மருந்தை ஊற்றி இஞ்சினைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, ஆறவைத்துத் திறந்தால் பழுப்பு. மறுபடி விட்டால் துரு. மறுபடி மஞ்சள்! நாலு கரண்டிதானே போட்டேன், உள்ளே குட்டி போட்டதா? ஒவ்வொரு வாளிக்கும் லோரிக்காரர் பரம்பரையில் ஒருவரைத் திட்டினேன். பரம்பரை தீர்ந்த பிறகு என்னைத் திட்ட ஆரம்பித்தேன். அதற்கு விஷயத்துக்குப் பஞ்சமே இல்லை.

வெயில் சாய்ந்தபோதுதான் குடிக்கிற தண்ணீர் மாதிரி வந்தது. மெக்கானிக் ஒரு டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். "ம்" என்றார். புது ரேடியேட்டரை மாட்டி, கூலன்ட் ஊற்றி, மூடியைத் திறந்து வைத்தபடியே இஞ்சினை ஓடவிட்டார். உள்ளே சிக்கிய காற்று குமிழ் குமிழாக வந்து நின்றது. காற்றாடி தானாகச் சுற்றியது. ஊசி நடுவில் நின்றது.

வரவேற்புக்குப் போகவில்லை. என் சட்டையில் மஞ்சள், நகக்கண்ணிலும் மஞ்சள். சோப்புக்குப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில் கையைப் பாக்கெட்டிலேயே வைத்துக்கொண்டு நடந்தேன்.

திங்கட்கிழமை காலை ஆறு மணி. அவள் காரை எடுத்தாள். சன்னலில் குனிந்து, பெரிய இஞ்சினியர் மாதிரி சொன்னேன்: "எல்லாம் புதுசு. உள்ள எல்லாத்தையும் கழுவியாச்சு. இனிமே ஊசி ஏறாது, தைரியமா போ."

அவள் சன்னல் விளிம்பில் இருந்த என் விரல்களைப் பார்த்தாள். கியரைப் போட்டாள்.

"சாயங்காலத்துக்குள்ள மஞ்சத்தூள் வாங்கி வைங்க."