கொசுறுத் திருகு

போன வாரம் திங்கட்கிழமை காலை மகளிடமிருந்து போன். “அம்மா, அப்பா பக்கத்துல இருக்காரா? இருந்தா கொஞ்சம் தள்ளி வந்து பேசும்மா.”

காபி டம்ளரை வைத்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போனேன்.

கயல் வேதாரண்யத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி டீச்சர். சனி, ஞாயிறு தஞ்சாவூரில் எங்களோடு இருந்துவிட்டு, திங்கள் விடியுமுன் தானே கார் ஓட்டிக்கொண்டு கிளம்புவாள். அன்றைக்குப் பிளஸ் டூ பிராக்டிகல் பரீட்சை. வெளியூரிலிருந்து எக்ஸாமினர் வருகிறார். லேப் சாவி இவள் கைப்பையில். இவளோ திருத்துறைப்பூண்டி தாண்டி, வயல் நடுவே, பஞ்சரான காரோடு!

“ஸ்டெப்னி இருக்குல்ல? உனக்குத்தான் மாட்டத் தெரியுமே?”

“தெரியும்மா. நட்டு கழல மாட்டேங்குது. ஸ்பானர் மேல ஏறி நின்னு குதிச்சும் பாத்துட்டேன். அப்பா என்னதான் பண்ணி வச்சிருக்கார்?”

என்ன பண்ணி வைத்திருக்கிறார்... சொல்கிறேன்.

எங்கள் வீட்டுக்காரர் ரிட்டையர் ஆனதும், உர மூட்டையும் காரும் சேர்ந்து குடித்தனம் பண்ணும் எங்கள் ஷெட்டுக்கு ‘கராஜ்’ என்று பெயர் வைத்தார். கராஜ் என்றால் டார்க் ரெஞ்ச் வேண்டாமா? நட்டை எவ்வளவு பலமாக முடுக்க வேண்டும் என்று அதில் செட் பண்ணிவிட்டால், அந்த அளவு வந்ததும் ‘க்ளிக்’ என்று சத்தம் கொடுக்கும். போதும், நிறுத்து என்று அர்த்தம்.

அதை வாங்க அவர் பட்ட பாடு இருக்கிறதே! இந்த மனை வாங்கினபோதுகூட இவ்வளவு வில்லங்கம் பார்க்கவில்லை. மாதக்கணக்கில் வீடியோ. ஊசி காட்டுகிற ரகமா, க்ளிக் ரகமா, டிஜிட்டலா? கைப்பிடி இரும்பா, பிளாஸ்டிக்கா? கீழே விழுந்தால் தாங்குமா? அப்புறம் கீழவாசலில் ஒரு கடை. “உங்க காருக்கு இந்தச் சின்ன சைஸே போதும்ங்க. வேலை முடிஞ்சதும் அளவைக் குறைச்சு வச்சிருங்க, ஸ்பிரிங் தளராது” என்றார் கடைக்காரர். “லாரிக்கும் ஆகிற மாதிரி இல்லையா?” என்று கேட்டார் இவர். எங்களிடம் லாரி கிடையாது.

கடைசியில் சின்னதையே வாங்கினார். கூட வந்த துல்லியச் சான்றிதழை லேமினேட் பண்ணி ஷெட் சுவரில் மாட்டினார். ரெஞ்சுக்குச் சந்தனம், குங்குமம். என் டிகிரி சர்ட்டிபிகேட் இன்னும் பீரோவில் புடவைக்கு அடியில்தான் கிடக்கிறது.

அந்த ரெஞ்சால்தான் ஞாயிற்றுக்கிழமை கயல் கார் நட்டையெல்லாம் முடுக்கியிருந்தார். சரி, கயலுக்கு வருகிறேன். அந்த வழியாக வந்த நெல் அறுவடை மெஷின்காரர்கள் இறங்கி, ஸ்பானரில் நீள இரும்புக் குழாயைச் சொருகி, இரண்டு பேராகத் தொங்கியிருக்கிறார்கள். மூன்று நட்டு கழன்றது. நாலாவது போல்ட்டோடு முறிந்தது. மிச்ச மூன்றில் ஸ்டெப்னியை மாட்டி, உருட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தால்... பிள்ளைகள் லேப் வாசலில் வெயிலில் நிற்கிறார்கள். தலைமை ஆசிரியை அத்தனை பேர் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாராம்.

சனிக்கிழமை வீட்டுக்கு வந்தாள். போல்ட்டை அங்கேயே மாற்றியிருந்தாள். இவர் கேட்டிலேயே நின்று விசாரிக்கிறார். “நட்டு ஏதும் லூசாகலியேம்மா?”

“லூசா? எப்படி முடுக்குனீங்கன்னு கொஞ்சம் காட்டுங்கப்பா.”

காட்டினார். டயர் முன்னால் உட்கார்ந்து ரெஞ்சை மாட்டி இழுத்தார். க்ளிக். நிறுத்தினாரா? ஒரு காலைத் தரையில் அழுந்த ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு, இன்னும் ஒரு இழுப்பு!

“அதான் சத்தம் வந்துருச்சேப்பா?”

“அது ரெஞ்சோட கணக்கு. நம்ம கணக்குன்னு ஒண்ணு வேணாமா?”

கொசுறு! கறிவேப்பிலையைக் கொசுறாகவே வாங்கிப் பழகிய ஜனங்கள் அல்லவா நாம்? பந்தியில் ஒருவர் போதும் என்று இலையைக் கையால் மூடினால், விரல் இடுக்கு வழியே ரசத்தை ஊற்றுவோம். ஏக்கருக்கு ஒரு மூட்டை யூரியா என்று சொன்னால், மேலே அரை மூட்டை சேர்த்து வீசுவோம். பயிர் சாய்ந்த பிறகு காற்றைத் திட்டுவோம். துல்லியமான கருவிதான் வேண்டும் என்று ஊரெல்லாம் அலைவோம் – வாங்கிய பிறகு அது சொல்வதை மட்டும் கேட்க மாட்டோம்.

கயல் வெடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். இவர் துணியில் கையைத் துடைத்தபடி, தரையைப் பார்த்துச் சொன்னார். “நீ தனியாப் போற. இருட்டோட கிளம்புற. வழியில சக்கரம் கழண்டுருமோன்னு பயமா இருக்கும்மா.”

கேட்கப் பாவமாகத்தான் இருந்தது. அதற்காகக் கோபம் போய்விடவில்லை.

கயல் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். “பயமா இருந்தா என்கிட்ட சொல்லுங்கப்பா. நட்டுக்கிட்ட காட்டாதீங்க.”

எல்லா நட்டையும் தளர்த்தி, தானே முடுக்கினாள். க்ளிக் வந்ததும் கையை எடுத்தாள். இவருக்குக் கை பரபரத்தது, நான் முறைத்தேன். திங்கட்கிழமை ரெஞ்சை டிக்கியில் போட்டுக்கொண்டு போயே போய்விட்டாள்.

மனுஷன் திருந்திவிட்டார் என்றுதான் நம்பினேன். நேற்று கூரியரில் ஒரு டப்பா வந்தது. பிரித்தால்... டயருக்குக் காற்று அடிக்கும் பம்ப், அளவு காட்டும் மீட்டரோடு! “ரொம்பத் துல்லியமானது” என்றார் பூரிப்பாக.

உடனே கயலுக்குப் போன் பண்ணினேன்: “இந்த வாரம் பஸ்ஸுலயே வந்துரும்மா!”