சத்திக்குப் பயந்தவளுக்குக் கிடைத்த யன்னல் சீற்

இன்று காலை நெடுங்கேணியில் வவுனியா பஸ் ஏறியதும் கொண்டக்டரிடம் துணிந்து சொல்லிவிட்டேன்.

"அண்ணை, எனக்குச் சத்தி, வாந்தி எண்டால் சரியான பயம். ஆராவது சத்தி எடுத்தால் நான் உடனே இறங்கிடுவன்."

இத்தனை வருடமும் யாரிடமும் சொல்லாமல் பாதி வழியில் இறங்கி, அடுத்த பஸ்ஸுக்குக் காத்து நின்றவள் நான்.

அவர் நல்ல மனிதர். பஸ் முழுக்கக் கேட்கும்படி கத்தினார்: "இந்தப் பிள்ளைக்குச் சத்தி வருமாம், யன்னல் கரையை விடுங்கோ!"

சனம் ஒதுங்கியது. யன்னல் சீற் கிடைத்தது. பக்கத்தில் இருந்தவரும் எழும்பிப் போய்விட்டார். திருத்துவானேன் என்று நானும் யன்னல் கரையில் வசதியாக அமர்ந்துகொண்டேன்.

அப்போது ஒரு அம்மா தேசிக்காயின் எலுமிச்சை மணத்தை முகர்ந்தபடி வந்து பக்கத்தில் அமர்ந்தார்.

"எனக்கும் பஸ் ஒத்துவராது பிள்ளை. அதுதான் உங்களிட்ட வந்தனான்."

எடுத்தால் வெளியே போகட்டும் என்று யன்னல் பக்கத்தை அவருக்குக் கொடுத்தேன். ஆனால் இறங்கவில்லை. வவுனியா வரைக்கும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார்.

இறங்கும்போது சொன்னார்: "நீங்கள் எப்ப எடுப்பியளோ எண்டு பயந்ததில எனக்கு வரவே இல்லை."

நாளைக்கும் அதே பஸ்தான். சத்தி வருகிற ஆட்கள் தாராளமாக என் பக்கத்தில் வந்து இருங்கோ. தேசிக்காயை மட்டும் நீங்களே கொண்டுவாங்கோ.