நாத்தனார் கோழிக்குப் போட்ட மருந்து

மூன்று வயதில் என் மகளுக்குக் காதுவலி அடிக்கடி வந்தது. ஒரே வருடத்தில் நான்காவது முறை ஆன்டிபயாடிக் எழுதிய டாக்டர், "பழைய மருந்துக்குக் கேக்கல, வேற மாத்தறேன்" என்றார். பிராய்லர் கோழிக்குத் தீவனத்திலேயே ஆன்டிபயாடிக் கலக்கிறார்கள் என்று அதே வாரம் பேப்பரில் படித்தேன். இரண்டையும் முடிச்சுப் போட்டு, வீட்டில் கோழியை நிறுத்தினேன். அவளுக்குச் சோறு இறங்குவதே கோழிக்குழம்பில்தான். எடை குறைந்தது. செய்தது சரியா என்று தினமும் யோசித்தேன், மாற்றிக்கொள்ளவும் பயம்.

என் கணவரின் அக்கா நல்லூரில் சொந்தமாகச் சின்ன பிராய்லர் பண்ணை வைத்திருந்தார். ஈஸ்டருக்கு முதல் நாள், அறுத்த கோழியோடு பஸ்ஸில் வந்தார்.

"அண்ணி, தீவனத்துல மருந்து கலக்கறீங்களா?"

"பின்ன? தெனமும் கலக்கறேன். மருந்து இல்லாம இந்த வெயிலுக்குக் கோழி நிக்குமா?"

பெருமையாகச் சொன்னார். அவர் கிளம்பியதும் கோழியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டேன். செராமிக் கம்பெனியிலிருந்து வந்த கணவரிடம், கெட்டுப்போய்விட்டது என்றேன்.

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு நாங்கள் நல்லூர் போவதற்குள், கணவர் வழியாக அந்தப் பொய் முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது.

"என் கோழி கெட்டுப்போச்சாமே? காலையில அறுத்தது மதியத்துக்குள்ள கெடுமா?"

உண்மையைச் சொன்னேன். அண்ணி என்னைக் கிரைண்டருக்குப் பக்கத்தில் இழுத்துப்போனார். பூண்டு, மஞ்சள், மிளகு, கீழாநெல்லி.

"இதாண்டி மருந்து. புள்ள பெத்தப்ப உனக்கும் அரைச்சுக் கொடுத்தேனே, அத என்னான்னு சொல்லிக் கேட்டு வாங்கித் தின்ன?"

மருந்து என்றுதான். படித்தவளான எனக்கு, மருந்தென்றால் மாத்திரை அட்டையில் வருவது மட்டும்தான் என்று ஆகியிருந்தது. அப்போதும் வாய் சும்மா இருக்கவில்லை.

"சீக்கு வந்தா அண்ணி?"

"வந்தா இங்கிலீஷ் மருந்துதான், மாட்டு டாக்டரக் கேட்டு. மருந்து கோழி ஒடம்ப விட்டுப் போக அவரு சொன்ன நாளு முடியற வரைக்கும் ஒரு கோழி விக்க மாட்டேன். போதுமா மகராணி?"

அன்று அண்ணி வைத்த கோழிக்குழம்புக்கு மகள் இரண்டு முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். காதுவலி பிறகு குறைந்தது. வயது ஏறியதாலும் இருக்கலாம். பூண்டு என்ன செய்தது என்று எனக்குத் தெரியாது. அவர் பண்ணையைச் சந்தேகப்பட்டு, பொய்யும் சொன்னவள் நான். என் மகளை மடியில் வைத்துக்கொண்டு, எலும்பு பார்த்துப் பார்த்து எடுத்து ஊட்டியவர் அவர். அதற்கு அன்றைக்கு நன்றி சொல்லத் தெரியவில்லை, இன்னொரு கரண்டி குழம்பு கேட்டேன்.