டைகருக்குத் தெரியாத ஆள்

எங்கள் வீட்டு நாய்க்கு டைகர் என்று பெயர் வைத்தது சித்தப்பாதான். இடி இடித்தால் நெல் மூட்டைகளுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிற பிராணிக்கு அந்தப் பெயர் கொஞ்சம் அதிகம். ஆனால் வெளியாள் யாராவது கேட்டைத் தொட்டுவிட்டால் போதும், பெயரைக் காப்பாற்றிவிடும். கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவர் எங்கள் வீட்டுக்கு மட்டும் ரோட்டில் நின்றபடியே குரல் கொடுப்பார். டியூஷன் சாரின் பேன்ட்டை அது கிழித்த மறுநாள், அவர் என்னைப் பார்த்ததும் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டு அடி வைத்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது எனக்கு. கூடப் படிக்கிற பெண்கள் எங்கள் வீட்டுக்கு "நாய் வீடு" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். என் பிறந்தநாளுக்கு ஒருத்தியும் வரவில்லை.

அப்பாவுக்கு மட்டும் உள்ளூரப் பெருமை. அந்தப் பெருமையும் அக்காவைப் பெண் பார்க்க முதல் குடும்பம் வந்தவரைதான் இருந்தது. டைகர் கொடுத்த வரவேற்பில் அவர்கள் வேனைவிட்டே இறங்கவில்லை. பிறகு ஜாதகம் ஒத்துவரவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். அக்கா அன்றெல்லாம் அறையைவிட்டு வெளியே வரவில்லை. அடுத்து ஐப்பசியில் திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒரு குடும்பம் வருவதாக இருந்தது. இந்தத் தடவையும் ஏதாவது ஆனால் டைகரைச் சாக்கில் கட்டி, வேதாரண்யம் உப்பளத்துக்குப் போகிற லாரியில் ஏற்றிவிடுவேன் என்றார் அப்பா. அவர் சொன்னால் செய்கிறவர். அன்றிலிருந்து எனக்குத் தூக்கத்தில்கூட லாரிச் சத்தம்தான்.

சித்தப்பாவும் நானும் டைகரை ஒரு மினி லாரியில் ஏற்றிக் கும்பகோணத்துக்கு ஒரு கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனோம். டாக்டரம்மா அதைத் தொடவே இல்லை. தள்ளி உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இது கோபக்கார நாய் இல்லை, பயந்த நாய் என்றார். பயத்தில்தான் முந்திக்கொண்டு பாய்கிறதாம். சித்தப்பாவின் முகம் தொங்கிவிட்டது. பெயர் வைத்தவர் அல்லவா!

வாசலில் சங்கிலி போட்டுக் கட்டி வைக்கக் கூடாது, குரைத்தால் அடிக்கக் கூடாது என்றார் டாக்டரம்மா. வருகிறவர் அதன் கண்ணைப் பார்க்காமல், பக்கவாட்டில் திரும்பி உட்கார வேண்டும். தடவப் போகக் கூடாது. பிஸ்கட்டைத் தரையில் போட்டுவிட்டு நம்மோடு பேசிக்கொண்டிருந்தால், அதுவாகவே வந்து முகர்ந்துகொள்ளும். கிளம்பும்போது அவர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"வீட்டுக்குள்ள வந்து, உங்க பக்கத்துல உக்காந்து, ஒரு வாய் காபி குடிச்சாங்கன்னா அவங்க நம்ம ஆளுன்னு அதுக்குப் புரிஞ்சிடும். வந்து போறவங்க ஒருத்தரையும் விட்டுடாதீங்க."

அதன் பிறகு எங்கள் கூடம் டீக்கடை ஆனது. சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, சித்தப்பா டைகரின் கழுத்துவாரைப் பிடித்துக்கொள்ள, நான் பிஸ்கட் பாக்கெட்டோடு நிற்பேன். கேஸ்காரர் வந்தார். பால் சொசைட்டிக்காரர் வந்தார். டியூஷன் சார் பழைய பேன்ட் ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்து, பிஸ்கட்டைத் தோளுக்கு மேலே வீசினார். நெல் வியாபாரி ஒருவர் காபி நன்றாக இருக்கிறதென்று கூப்பிடாமலே மறுபடியும் வந்தார். டைகர் முதலில் உறுமியது, பிறகு கட்டிலுக்கடியில் இருந்து எட்டிப் பார்த்தது, பிறகு ஒருநாள் டியூஷன் சாரின் காலடியில் படுத்துத் தூங்கியே போனது. நான் பள்ளிக்கூடத்தில் தலை நிமிர்ந்து நடந்தேன்.

இதெல்லாம் நடந்தபோது கொல்லையில் அஞ்சலை மாட்டுக்குத் தீனி வைத்துக்கொண்டிருப்பார். டைகர் பிறப்பதற்கு முன்னாலிருந்தே, ஏன், நான் பிறப்பதற்கு முன்னாலிருந்தே எங்கள் வீட்டுக்கு வருகிறவர். காலையில் பக்கத்துச் சந்து வழியாக வந்து சாணி அள்ளுவார், கொட்டகை கழுவுவார். நடவு, களையெடுப்பு, அறுப்பு எல்லாவற்றுக்கும் அவர்தான் முதல் ஆள். அவர் அந்தச் சந்துக்குள் நுழையும்போது டைகர் முன்வாசலில் இருந்து குரைக்கும். அது வெறும் குரைப்புத்தானே என்று யாரும் திரும்பிப் பார்க்கமாட்டோம். அம்மா வயதிருக்கும் அவருக்கு. நான் அவரை "அஞ்சல, இங்க வா" என்பேன், அவர் என்னை "வாங்க பாப்பா" என்பார். இப்போது எழுதும்போதே கை கூசுகிறது.

திருத்துறைப்பூண்டிக்காரர்கள் வந்தார்கள். டைகர் ஒருமுறை முகர்ந்துவிட்டு நாற்காலிக்கடியில் சுருண்டுகொண்டது. அக்கா காபித் தட்டோடு வந்தாள். மாப்பிள்ளையின் அப்பா டைகருக்கு ஒரு துண்டு பஜ்ஜியே போட்டார். சித்தப்பா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். லாரி இனி வராது என்று எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிருந்தது.

வெளியே வானம் இருட்டிக்கொண்டு வந்ததை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. குறுவை நெல் ரோட்டில் காய்ந்துகொண்டிருந்தது. கொள்முதல் நிலையத்தில் ஈரம் என்று சொல்லி எடுக்காமல் திருப்பியிருந்ததால் இரண்டாவது தடவையாகப் பரப்பியிருந்தோம். காவலுக்கு இருந்தது அஞ்சலை. முதல் தூறல் விழுந்ததும் ஓடி வந்து கொல்லையில் நின்று கூப்பிட்டிருக்கிறார். கூடத்துப் பேச்சுச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. வேறு வழியில்லாமல் முன்வாசலுக்கு ஓடி வந்து, எங்கள் நிலைப்படியைத் தாண்டி முதல்தடவையாக உள்ளே கால் வைத்தார்.

"ஐயா, மழை வருது, படுதாவ எடுத்துக் குடுங்க" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் டைகர் பாய்ந்துவிட்டது. கெண்டைக்கால் சதையைக் கவ்விக்கொண்டு விடவில்லை. சித்தப்பா இழுத்துத்தான் பிரித்தார். வெள்ளைத் தரையில் ரத்தம். கூடமே எழுந்து நின்றது.

நெல் எவ்வளவு நனைந்தது என்றுதான் அப்பா முதலில் கேட்டார். அஞ்சலை சேலையைக் காலில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வந்தவர்கள் எதிரில் தலை குனிந்து நின்றார்.

"தப்பு என்னுதுதாங்கய்யா. நான் உள்ள வந்திருக்கக் கூடாது."

எனக்கு உயிரே போய்விட்டது. இத்தனை பிஸ்கட்டும் வீண், எல்லோர் முன்னாலும் மானம் போயிற்று, அக்கா இனி என் முகத்திலேயே விழிக்கமாட்டாள் என்று கதவுக்குப் பின்னால் நின்று அழுதேன். அப்போது மாப்பிள்ளையின் அப்பா சிரித்தபடி உட்கார்ந்தார்.

"நாய்னா இப்படில்ல இருக்கணும். யாரை எங்க நிறுத்தணும்னு தெரிஞ்சு வெச்சிருக்கு பாருங்க."

அப்பாவும் சிரித்தார். சம்பந்தம் அன்றைக்கே பேசி முடிந்தது. அஞ்சலை கொல்லைக் குழாயில் சோப்புப் போட்டுக் காலைக் கழுவிக்கொண்டு, டிராக்டர் ஓட்டுகிறவரின் வண்டியில் ஊசி போட்டுக்கொள்ளப் போனார். நான் டைகரைக் கட்டிக்கொண்டு, கெட்டிக்காரன்டா நீ என்று அதன் காதில் சொன்னேன்.

கட்டுப்போட்ட காலோடு அவர் மறுபடி வேலைக்கு வந்த அன்று, நான் கொல்லைக்குப் போனேன். டாக்டரம்மா சொன்ன வழியை அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமென்று தோன்றியது. பெரிய மனுஷி போலக் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன், கூடத்துக்கு வந்து எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பிஸ்கட் போட்டால் டைகர் பிறகு ஒன்றும் செய்யாது என்று.

"நான் எங்க பாப்பா உக்கார்றது?" என்றார் அஞ்சலை.

உட்கார இடமா இல்லை என்று உள்ளே ஓடி, டியூஷன் சார் உட்கார்ந்த நாற்காலியையே கொல்லைக் கதவு வரை இழுத்து வந்து காட்டினேன். அஞ்சலை சாணிக் கூடையைக் கீழே வைக்கவில்லை. என்னைப் பார்க்காமல் எனக்குப் பின்னால் பார்த்தார். அங்கே அம்மா நின்றுகொண்டிருந்தார். அம்மா ஒன்றும் திட்டவில்லை. நாற்காலியை என் கையிலிருந்து வாங்கி, உள்ளே கொண்டுபோய் மற்ற நாற்காலிகளின் மேல் அடுக்கினார். ஏம்மா என்று கேட்டேன். பிஸ்கட் தீர்ந்துவிட்டது என்றார்.

அலமாரியில் உடைக்காத பாக்கெட் ஒன்று இருந்தது. அம்மா பார்க்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, ஓடிப்போய் அதை எடுத்து வந்து அம்மாவிடம் நீட்டினேன்.